நான்கு பெருக்கல்கள்

கருநாடக எல்லையைத் தொட்டு நிற்கும் ஓசூரில் எப்பொருளுக்கும் ஒரே பெயர் வழங்குவது அரிது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் அதன் கடைத்தெருவில் நாள்தோறும் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் நடத்துகின்றன. பள்ளிப் பாடமொன்றின் நிலையும் அதுவே. தமிழ்ப் பிள்ளைகள் இயற்கணிதம் என்று படிப்பதை, தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் பீஜகணிதம் என்கின்றனர். உருது வழங்கும் முஸ்லிம் வீடுகளில் அதற்கு அல்ஜப்ரா என்று பெயர். கடல் கடந்து இலங்கை சென்றால் அங்குள்ள தமிழர் அதனை அட்சரகணிதம் என்பர். விதையின் கணிதம், எழுத்தின் கணிதம், அரபுச் சொல்லொன்றின் உருமாற்றம் என இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியைக் காட்டுகின்றன. அவ்வழிகள் அனைத்தும் ஒரு கணக்கேட்டின் ஒரே பக்கத்தில் வந்து கூடியதை அண்மையில் நாம் கண்டோம். இக்கட்டுரை எழுந்தது அதனால்தான்.

நம் இளவல் தென்மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி ஓசூர் சென்றவர். 1970களில் தொடங்கிய சிப்காட் தொழிற்பேட்டையும், அதனைத் தொடர்ந்து 1980களில் வந்த அசோக் லேலண்ட், டைட்டன் முதலிய ஆலைகளும் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் குடும்பங்களை அவ்வூருக்கு ஈர்த்தன. அவ்வாறு சென்று தங்கிவிட்ட குடும்பங்களுள் அதுவும் ஒன்று. அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். கணக்கு அவளுக்கு வராது என்றும், பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணக்கில்லாத பிரிவில் சேர்த்துவிடுவதே நல்லது என்றும் வீட்டில் ஏறத்தாழ முடிவாகியிருந்தது. வீட்டார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பிள்ளையும் அதனை நம்பத் தொடங்கிவிடுகிறது. நாம் சென்றிருந்த மாலையில் அவள் கணக்கேட்டை மூடிவைத்துவிட்டுச் சன்னலோரம் அமர்ந்திருந்தாள்.

ஏட்டைத் திறந்து பார்த்தோம். அடைப்புக் குறிக்குள் ஓர் எழுத்தும் ஐந்தும் கூட்டப்பட்டு, அத்தொகையை வர்க்கமாக்கும்படி கேட்டிருந்தார்கள். பாடநூலில் ஆங்கில எழுத்தான எக்ஸ் இருந்தது. நாம் அதனை ‘ப’ என்று வைத்துக்கொள்வோம். காரணம் பின்னர் விளங்கும். (ப + 5)² என்பதற்கு ப² + 25 என்று அவள் விடை எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு ஓடியிருந்தது. கோடிட்டவர் பிழை எதுவென்று எழுதவில்லை.

“ஐந்தை ஐந்தால் பெருக்கினால் இருபத்தைந்துதானே பெரியத்தா? நான் எழுதினதில் என்ன தப்பு?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. ப என்பது மூன்றாக இருந்தால் என்னவாகும் என்று பார்க்கச் சொன்னோம். மூன்றும் ஐந்தும் எட்டு. எட்டின் வர்க்கம் 64. அவள் எழுதிய முறையில் ஒன்பதும் இருபத்தைந்தும் சேர்ந்து 34. முப்பதைக் காணோம். “முப்பது எங்கே போச்சு?” என்று அவள் கேட்டாள். அந்த முப்பது இருக்குமிடத்தை ஏறத்தாழ ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் படம் வரைந்து காட்டியிருக்கிறார்.

அவர் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. பக்தாதில் கலீபா மஃமூன் ஆட்சி செய்த காலத்தில், அதாவது கி.பி. 813க்கும் 833க்கும் இடையில், ஜப்ர், முகாபலா என்னும் கணக்கு முறையைப் பற்றி அவர் சுருக்கமான நூலொன்று எழுதி அக்கலீபாவுக்குக் காணிக்கையாக்கினார். பைத்துல் ஹிக்மா என்னும் அறிவு இல்லத்தோடு தொடர்புடைய அறிஞர் அவர். வானவியலிலும் நிலவியலிலும் வல்லவர். எனினும் இந்நூலைப் பேரறிஞர்களுக்காக அவர் எழுதவில்லை. வாரிசுப் பங்கீடு, மரணசாசனம், வழக்கு, வாணிகம், நில அளவை, வாய்க்கால் வெட்டு ஆகியவற்றில் மக்களுக்கு நாளும் தேவைப்படும் கணக்கைச் சொல்வதே தம் நோக்கமென்று முன்னுரையிலேயே தெரிவித்துவிடுகிறார்.

இன்றைய பாடநூலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நூலில் ஒன்று வியப்பளிக்கும். அதில் குறியீடே இல்லை. கூட்டற்குறி, கழித்தற்குறி, சமக்குறி, எழுத்து எதுவுமில்லை. எண்களைக்கூடச் சொற்களாகவே எழுதியிருக்கிறார். அறியாத எண்ணை ஷைஉ என்கிறார். தமிழில் ‘பொருள்’ என்னலாம். நாம் ‘ப’ என்று வைத்துக்கொண்டது அதனால்தான். அந்தப் பொருளைத் தன்னாலேயே பெருக்கினால் வருவதற்கு மால், அதாவது செல்வம், என்று பெயரிட்டார். வாரிசுக் கணக்கும் வாணிகக் கணக்கும் பார்த்தவரின் சொற்கள் அவை.

சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து விளக்கிய பின்னர் பெருக்கலுக்கென்று ஒரு பகுதி வருகிறது. பாடநூல் ஈருறுப்புக் கோவை என்று அழைக்கும் இரண்டு தொகைகளை ஒன்றோடொன்று பெருக்கும் முறை முழுவதும் அங்கே அடங்கியுள்ளது. ஒவ்வொரு தொகையிலும் இரண்டு பகுதிகள் இருந்தால் நான்கு பெருக்கல்கள் வேண்டும் என்கிறார் அல்குவாரிஸ்மி: பெரியதைப் பெரியதால், பெரியதைச் சிறியதால், சிறியதைப் பெரியதால், சிறியதைச் சிறியதால். நம் பெண் செய்தவை முதலும் கடைசியுமான இரண்டே. நடு இரண்டையும் விட்டுவிட்டாள்.

முதல் எடுத்துக்காட்டில் அவர் பொருளைக் கொண்டு வரவில்லை, எண்ணைத்தான் எடுக்கிறார். பத்தும் ஒன்றும் ஒரு தொகை, பத்தும் இரண்டும் மற்றொன்று. நூறு, பத்து, இருபது, இரண்டு, ஆக 132. பதினொன்றையும் பன்னிரண்டையும் பெருக்கினால் வருவதும் அதுவே. தெரிந்த விடையைக் கொண்டு தெரியாத முறையை நம்பவைக்கிறார். அடுத்து, பத்தில் ஒன்று குறைந்ததை அதனாலேயே பெருக்குகிறார். நூறிலிருந்து ஒரு பத்தும் மற்றொரு பத்தும் கழிய 80. குறையைக் குறையால் பெருக்க வரும் ஒன்றைக் கூட்ட 81. ஒன்பதொன்பது எண்பத்தொன்று என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். இவ்வாறு எண்ணில் முறையை உறுதிப்படுத்திய பிறகே பத்தும் பொருளும், பத்தில் பொருள் குறைந்தது என்று மேலே செல்கிறார். பத்தும் பொருளும் சேர்ந்ததைத் தன்னாலேயே பெருக்கினால் நூறும், இருபது பொருளும், ஒரு செல்வமும் கிடைக்கும். பத்தோடு பொருள் கூடியதைப் பத்தில் பொருள் குறைந்ததால் பெருக்கினாலோ நடு இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, நூறில் ஒரு செல்வம் குறைந்தது எஞ்சும். பாடநூலில் முற்றொருமைகள் என்று கட்டம் கட்டி மனப்பாடம் செய்யச் சொல்லும் மூன்றும் அங்கே பேச்சு நடையில் கிடக்கின்றன.

அமெரிக்கப் பள்ளிகளில் முதல், வெளி, உள், கடைசி என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ‘ஃபாயில்’ என்று மனப்பாடம் செய்விக்கின்றனர். அந்த வழக்கம் நம் ஊர்த் தனிப்பயிற்சி வகுப்புகளுக்கும் வந்திருக்கிறது. இரண்டுக்கு இரண்டு என்றால் அது உதவும். ஓர் அடைப்பில் மூன்று உறுப்புகள் வந்துவிட்டால் உள் எது வெளி எது என்று பிள்ளை திகைத்து நிற்கும். இதிலுள்ள ஒவ்வொன்றும் அதிலுள்ள ஒவ்வொன்றையும் சந்தித்தாக வேண்டும் என்று பக்தாது வழியில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தத் திகைப்பு வராது.

காணாமற்போன முப்பதுக்கு வருவோம். அந்நூலின் புகழ்பெற்ற கணக்கு, ஒரு செல்வமும் பத்துப் பொருளும் சேர்ந்து 39 ஆனால் பொருள் எவ்வளவு என்பது. அதற்கு அவர் படம் வரைகிறார். பொருளைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரம். அதன் இரு பக்கங்களில் ஐந்து அகலமுள்ள இரண்டு பட்டைகளை ஒட்டுகிறார். பத்துப் பொருளும் அப்பட்டைகளில் அடங்கிவிடுகின்றன. மூலையில் மட்டும் ஐந்துக்கு ஐந்தாக ஓர் இடம் காலியாக நிற்கிறது. அங்கே 25ஐ இட்டு நிரப்பினால் முழுச் சதுரம் 64 ஆகிறது. அதன் பக்கம் 8. ஐந்தை நீக்கினால் பொருள் 3.

நாம் எவ்வித எண்ணமுமின்றி எடுத்துக்கொண்ட மூன்று அதுவே! தாளில் அப்படத்தை வரைந்து காட்டினோம். நம் பெண் பெரிய சதுரத்தையும் மூலைச் சதுரத்தையும் மட்டும் எழுதியிருந்தாள். இரண்டு பட்டைகளை விட்டுவிட்டாள். மூன்றுக்கு ஐந்தாக ஒன்று, ஐந்துக்கு மூன்றாக மற்றொன்று. பதினைந்தும் பதினைந்தும் முப்பது. ஏட்டை வாங்கி, ப² + 10ப + 25 என்று அவளே எழுதினாள். ஐந்து பவும் ஐந்து பவும் ஓரினம். ஆதலால் பத்து ப என்று சுருக்கினாள். பவையும் இருபத்தைந்தையும் ஏன் சேர்த்துச் சுருக்கக் கூடாது என்று கேட்டதற்கு, “பட்டையும் மூலையும் ஒண்ணா?” என்றாள்.

கூட்டல் தெளிந்தது, கழித்தலில் மீண்டும் முட்டியது. குறையைக் குறையால் பெருக்கினால் எவ்வாறு கூடும்? இவ்விடத்தில் பெரியவர்களும், ‘அது விதி’ என்று சொல்லி நழுவிவிடுகின்றனர். கிருஷ்ணகிரி வட்டாரத்தவருக்கு அவ்வாறு நழுவவேண்டிய தேவையில்லை. அப்பகுதிக் குன்றுகளிலிருந்து வெட்டி எடுக்கும் கிரானைட் கல் அவர்கள் நாளும் காணும் பொருள். ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள ஒரு பலகைக் கல்லில் நீளவாக்கில் அரையடியும் அகலவாக்கில் அரையடியும் ஓரம் சிதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முழுக்கல் 24 சதுர அடி. நீள ஓரத்துக்கு மூன்றைக் கழிக்கிறோம், அகல ஓரத்துக்கு இரண்டைக் கழிக்கிறோம், எஞ்சுவது 19. ஆனால் அளந்து பார்த்தால் ஐந்தரைக்கு மூன்றரை, 19¼ இருக்கிறது. கால் எங்கிருந்து வந்தது? இரு ஓரங்களும் சந்திக்கும் மூலை அரைக்கு அரை, அதாவது கால் சதுர அடி. அந்த மூலையை நீள ஓரத்தோடு ஒருமுறையும் அகல ஓரத்தோடு மறுமுறையுமாக இருமுறை கழித்துவிட்டோம். ஒரே இடத்துக்கு இருமுறை நட்டம் எழுதலாகாது. அதிகமாகக் கழித்ததைத் திருப்பித் தரவேண்டும். நான்காம் பெருக்கல் கூட்டலாக வருவது இந்தத் திருப்பித் தருதலால்தான்.

ஜப்ர் என்னும் சொல்லுக்கு மீட்டுச் சரிசெய்தல் என்பதே பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியர் அச்சொல்லையே ஆண்டனர். ஸ்பெயினில் எலும்பு கட்டும் வைத்தியரை அல்ஹெப்ரிஸ்தா என்றழைத்தனர்; செர்வாண்டிசு 1615இல் வெளியிட்ட தொன் கிகோத்தேயின் இரண்டாம் பாகத்திலும் அத்தகையவர் ஒருவர் வருகிறார். சமன்பாட்டில் ஒருபுறம் குறைந்து நிற்பதை மறுபுறம் கூட்டி முழுமையாக்குவதையே அல்குவாரிஸ்மி ஜப்ர் என்றார். கல்லின் மூலைக் கணக்கை அவர் ஜப்ர் என்று சொல்லவில்லை, அவ்வொப்புமை நம்முடையது.

அந்நூலின் பிற்பகுதி மரணசாசனக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. அதன் முதற்கணக்கு நம் குடும்பங்களில் இன்றும் எழக்கூடியது. ஒருவர் இரு மைந்தரை விட்டு இறக்கிறார். தம் சொத்தில் மூன்றிலொரு பங்கை வேறொருவருக்கு எழுதிவைத்திருக்கிறார். கையிருப்பு பத்து திர்ஹம். மைந்தருள் ஒருவர் தந்தைக்குப் பத்து திர்ஹம் கடன்பட்டவர். எப்படிப் பங்கிடுவது? கடனிலிருந்து அம்மைந்தரின் பங்குக்கு ஈடாகக் கழித்துக்கொள்வதைப் பொருள் என்கிறார் அல்குவாரிஸ்மி. அப்படியானால் பங்கிடவேண்டிய சொத்து பத்தும் பொருளும். அதில் மூன்றிலொன்று போக, எஞ்சியதை இருவருக்கும் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பத்தின் மூன்றிலொன்றும் பொருளின் மூன்றிலொன்றும். அதுவே பொருளுக்குச் சமம். ஆகவே பொருள் ஐந்து. சாசனம் பெற்றவருக்கு ஐந்து, ஒரு மைந்தருக்கு ஐந்து, மற்றவருக்குக் கடனில் ஐந்து தள்ளுபடி. அடைப்புக்குள் இருக்கும் இரண்டையும் மூன்றிலொன்றால் பெருக்காமல் ஒன்றை மட்டும் பெருக்கியிருந்தால் எவரேனும் ஒருவர் வஞ்சிக்கப்பட்டிருப்பார். ஏட்டில் விடுபடும் உறுப்பு மதிப்பெண்ணோடு போய்விடுகிறது; பாகப்பிரிவினையில் விடுபடும் உறுப்பு உறவையே அறுத்துவிடும்.

இத்தனையும் கேட்ட நம் இளவல், “அப்படியானால் அல்ஜப்ரா முழுவதும் நம்மவர் கண்டுபிடித்ததுதான்” என்று மகிழ்ந்தார். மேடைகளிலும் இதனைக் கேட்கிறோம். பெருமைப்பட நமக்கு உரிமையுண்டு. ஆனால் வரலாற்றைக் குறைத்துப் பெருமைப்பட உரிமையில்லை. ஒரு நீளத்தை இரு கூறாக்கினால் முழுச் சதுரத்தில் இரண்டு சதுரங்களும் இரண்டு பட்டைகளும் அமையும் என்பது கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ முந்நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த யூக்ளிடின் நூலில் இரண்டாம் பாகத்திலேயே இருக்கிறது. அந்நூலை ஹஜ்ஜாஜ் என்பவர் மஃமூனின் காலத்துக்குள் அரபியாக்கியிருந்தார். கடனைக் கடனால் பெருக்கினால் தனமாகும் என்னும் விதியை, ஹிஜ்ரத்துக்கு ஆறாண்டுகள் பின்னர், கி.பி. 628இல், நம் நாட்டுப் பிரம்மகுப்தர் எழுதினார். இந்திய வானவியல் நூல் எட்டாம் நூற்றாண்டிலேயே பக்தாது அரசவைக்குச் சென்று அரபியில் பெயர்க்கப்பட்டது. அதனைத் தழுவி அல்குவாரிஸ்மியே வானவியல் அட்டவணை இயற்றினார். இந்திய எண்களைப் பற்றியும் தனி நூல் எழுதினார். பெற்றதை மறைத்தவரல்லர் அவர். சிதறிக் கிடந்த உத்திகளை வகைப்படுத்தி, எல்லாக் கணக்குக்கும் பொருந்தும் தனிக் கலையாக்கி, சந்தைக்கும் வயலுக்கும் எடுத்துச்சென்றதே அவருடைய அரும்பணி. அது சிறிய பணியா?

ஓசூர்க்காரர் பெருமைப்படுவதற்கு அண்டையிலேயே மற்றொருவர் உண்டு. அல்குவாரிஸ்மி பக்தாதில் எழுதி ஒரு தலைமுறை கழிவதற்குள், கி.பி. 850ஐ ஒட்டி, கன்னட நாட்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கரின் காலத்தில் சமண அறிஞர் மகாவீராசாரியர் கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். ஓர் எண்ணை வர்க்கமாக்க அவர் காட்டும் வழிகளுள் ஒன்று இது: வேண்டிய ஒரு தொகையை அதனோடு கூட்டியும் கழித்தும் கிடைக்கும் இரண்டையும் பெருக்கி, கூட்டிக் கழித்த தொகையின் வர்க்கத்தைச் சேர்த்துக்கொள்ளுதல். 98ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 96ஐ 100ஆல் பெருக்கினால் 9600; இரண்டின் வர்க்கம் நான்கு; விடை 9604. தாளும் எழுதுகோலும் வேண்டியதில்லை. பத்தோடு பொருள் கூடியதும் குறைந்ததும் என்று பக்தாதில் பேசப்பட்டதன் உடன்பிறப்பு இது. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்காக்கினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இராசாதித்தர் கன்னடத்திலேயே வியவகாரகணிதம் எழுதினார். மகாவீரரின் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியர். ஓசூர்த் தெருவில் ஒலிக்கும் மொழிகளெல்லாம் இக்கணக்கை நெடுங்காலம் முன்னரே பேசியிருக்கின்றன.

தமிழும் பின்தங்கவில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியோடு குழிமாற்று என்னும் வாய்பாட்டையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். குழி என்பது நிலத்தின் பரப்பளவு. பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கி வரும் வர்க்கங்களின் வாய்பாடு அது. பின்னங்களும் அதில் உண்டு. பன்னிரண்டரைக் கோல் சதுர நிலம் எத்தனை குழி? பன்னிரண்டின் வர்க்கம் 144, இரு அரைப்பட்டைகள் சேர்ந்து 12, மூலையில் கால், ஆக 156¼. கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரின் கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து வரி விதித்த வரலாற்றை நாமறிவோம். ரயத்துவாரி முறை அங்கேதான் உருப்பெற்றது. பட்டையைக் கூட்ட மறந்தால் அரசுக்கு நட்டம். மூலையை இருமுறை எண்ணினால் குடியானவனுக்கு நட்டம்.

பிரிந்து ஓடிய இரு ஆறுகள் மீண்டும் சந்தித்த நிகழ்ச்சியையும் இங்கே சொல்லியாகவேண்டும். பாஸ்கரர் 1150ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தை, ஷாஜஹானின் ஆட்சியில், 1634-35இல் அதாவுல்லாஹ் ருஷ்தி பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். அவர் தாஜ்மகாலின் கட்டடக் கலைஞராகப் போற்றப்படும் உஸ்தாத் அஹ்மது லாஹோரியின் மைந்தர்; ஔரங்காபாத்தில் பீபீ கா மக்பராவைக் கட்டியவர். அறியாத எண்களுக்கு யா, கா, நீ என்று எழுத்திட்டும், குறைக்குத் தலைமேல் புள்ளி வைத்தும் பாஸ்கரர் செய்த கணக்கை, சுவரும் தரையும் அளந்து பழகிய ஒரு கட்டடக் கலைஞர் தம் மொழிக்குக் கொண்டுவந்தார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. அவருடைய பாரசீகப் பெயர்ப்பிலிருந்துதான் எட்வர்ட் ஸ்ட்ரேச்சி 1813இல் அதனை ஆங்கிலமாக்கினார். அல்குவாரிஸ்மியின் மூலமோ 1145இல் ஸ்பெயினின் செகோவியாவில் லத்தீனாகியிருந்தும், அரபு மூலத்தோடு ஆங்கிலத்தில் ரோசன் பதிப்பித்து வெளியிட 1831 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஐரோப்பாவில் 1591இல் வியெத் என்பவர் எண்களுக்கு மாற்றாக எழுத்துகளை முறையாக ஆண்டார். 1637இல் தெக்கார்த்து எழுதிய நூலுக்குப் பின் எக்ஸ் என்னும் எழுத்து நிலைபெற்றது. அதனால் கணக்கு விரைந்தது. ஒரு பக்கச் சொற்கள் அரை வரியில் அடங்கின. ஆயினும் சொல்லோடு படமும் போய்விட்டதே! எழுத்து மட்டும் தாளில் நிற்கிறது; அது ஒரு நிலத்தின் பக்கம், ஒரு மைந்தனின் பங்கு, ஒரு கல்லின் ஓரம் என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை.

இரவு இரண்டாம் ஷிப்டு முடிந்து இளவலின் நண்பரொருவர் வீட்டுக்கு வந்தார். ஆலையில் உலோகத் தகடு வெட்டும் பிரிவில் வேலை. படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது நமக்குப் புதிதாயிருந்தது. நூறு மில்லிமீட்டர்ச் சதுரத் தகடு பக்கத்துக்குப் பத்திலொரு மில்லிமீட்டர் கூடிவிட்டால் பரப்பு எவ்வளவு கூடும்? பத்தாயிரத்தோடு இரு பட்டைகளுக்கு 20, மூலைக்கு 0.01. “மூலையை நாங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. பட்டைதான் எங்களுக்குத் தொல்லை” என்றார். நம் பெண் மூலையைப் போற்றி வைத்துக்கொண்டு பட்டையைத் தூக்கியெறிந்திருந்தாள்! அதனைச் சொன்னபோது அவளே சிரித்துவிட்டாள். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்னும் பேச்சை அன்றிரவு எவரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை, சதுரத்துக்குப் பதில் பெட்டியானால் என்ன வரும் என்று அவளே கேட்டாள். (ப + 5)³. முன்பு கிடைத்த மூன்று உறுப்புகளையும் மீண்டும் பவாலும் ஐந்தாலும் பெருக்கச் சொன்னோம். ஆறு பெருக்கல்கள்; ஓரினத்தைச் சேர்த்தபின் நான்கு உறுப்புகள். ஐந்தின் அடுக்குகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 1, 3, 3, 1 என்னும் எண்கள் நின்றன. சதுரத்தில் 1, 2, 1. மேல்வரியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டைக் கூட்டினால் கீழ்வரி கிடைக்கும் என்பதைக் கி.பி. 1000ஐ ஒட்டி பக்தாதில் வாழ்ந்த அல்கரஜி கண்டிருந்தார். அவருடைய அட்டவணையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஸ்ஸமவ்அல் தம் அல்பாஹிர் என்னும் நூலில் எடுத்தெழுதி நமக்குக் காத்துத் தந்தார். பத்தொன்பது வயதில் எழுதிய நூல் அது. பாஸ்கல் முக்கோணம் என்று பாடநூல்கள் அழைப்பது இதனையே. பாஸ்கலின் நூல் 1665இல்தான் அச்சேறியது. நம் நாட்டில் பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் இதே அடுக்கை மேரு என்று அழைத்தார்.

அஸ்ஸமவ்அலின் அட்டவணை பன்னிரண்டாம் அடுக்கு வரை செல்கிறது என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது அவள் ஏட்டின் ஒரு முழுப்பக்கத்தையும் எண்களால் நிரப்பியிருந்தாள். ஒன்பதாம் வரியில் ஒரு கூட்டல் தவறி, கீழ்வரிகள் இருபுறமும் ஒத்துவராமல் போக, அவளே தேடித் திருத்தியிருந்தாள். பன்னிரண்டாம் வரியின் நடுவில் 924 இருந்தது.